பிரசவம் முடிந்த கையோடு காப்பர் டி: எந்த அளவுக்குப் பாதுகாப்பானது?

குழந்தை பிறந்து, நஞ்சுக்கொடியும் வெளிவந்த பத்து நிமிடங்களுக்குள் கர்ப்பப்பைக்குள் காப்பர் டி என்னும் கருத்தடைக் கருவியை வைத்துவிடலாம். அப்போது வைக்காவிட்டால் 48 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு. சிசேரியன் என்றால், கர்ப்பப்பையைத் தைத்து மூடுவதற்கு முன், திறந்திருக்கும் அந்த வழியாகவே வைத்துவிடுவார்கள். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் இது பல ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கம். ஆனாலும் வீட்டில் பேச்செடுத்ததும், “பச்சை உடம்புக்காரிக்கு இதையெல்லாம் வைக்கலாமா?” என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அக்கறையில் எழும் கேள்வி அது. அதற்கு நேரான பதிலும் இருக்கிறது: பெரும்பாலான பெண்களுக்கு வைக்கலாம். எந்தப் பெண்ணுக்கு எந்தக் கருத்தடை முறை ஏற்றது என்று உலக சுகாதார நிறுவனம் நான்கு வகைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர் டி வைப்பது அதில் முதல் வகை. அதாவது, எந்தக் கட்டுப்பாடும் இல்லாத வகை. தாய்ப்பால் கொடுப்பவருக்கும் இதே நிலைதான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனமும் உண்டு. கருவி நழுவி வெளியே வந்துவிடும் வாய்ப்பு, மற்ற நாட்களில் வைப்பதைவிடப் பிரசவத்தை ஒட்டி வைக்கும்போது அதிகம். அந்தப் பெண்ணுக்கு விவரம் தெரிந்திருந்தால் இதைச் சமாளித்துவிடலாம். தெரியாவிட்டால், பாதுகாப்பு இருப்பதாக நம்பிக்கொண்டே அவர் மீண்டும் கருவுற நேரும். ஆகவே, இதன் பாதுகாப்பில் மருத்துவரின் கைத்திறனுக்கு எவ்வளவு பங்கோ, அந்தப் பெண்ணிடம் எவ்வளவு சொல்லப்பட்டது என்பதற்கும் அவ்வளவு பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

ஏன் இவ்வளவு சீக்கிரம்?

‘பால் கொடுக்கும் வரை கரு நிற்காது’ என்ற நம்பிக்கை நம் வீடுகளில் வலுவாக இருக்கிறது. அதில் உண்மையும் உண்டு, ஆனால் நிபந்தனையோடு. குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. இந்த மூன்றும் ஒருசேர இருந்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு 100க்கு 2 என்ற அளவுக்குள் அடங்கும். பால் போதவில்லை என்று புட்டிப்பால் சேர்த்தாலோ, குழந்தை ஆறு மாதத்தைக் கடந்துவிட்டாலோ அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. தாய்ப்பால் கொடுக்காத பெண்ணுக்குப் பிரசவமான நான்கு வாரங்களிலேயேகூட முட்டை வெளிப்படலாம். முட்டை வெளிப்பட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் மாதவிடாய் வரும் என்பதால், ‘குளித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று காத்திருப்பவர்கள் மாதவிடாயே வராமல் அடுத்த கர்ப்பத்துக்குப் போய்விடுவதும் உண்டு.

ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்கு முயல்வதற்குக் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இடைவெளி குறைந்தால் தாய்க்கு ரத்தசோகை முற்றும். குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடும். ஆறு வாரம் கழித்து வந்து காப்பர் டி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். தாராளமாகச் செய்யலாம். ஆனால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்து வரிசையில் நிற்பது எத்தனை பேருக்கு முடிகிறது? பயிற்சி பெற்ற ஆட்கள் அருகிலேயே இருக்கும் பிரசவ நேரத்தில் முடித்துவிட்டால் அந்த அலைச்சல் மிச்சம். மருத்துவர்கள் இந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம்.

என்ன வைக்கிறார்கள்?

அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைப்பவை இரண்டு வகை. காப்பர் டி 380ஏ என்பது டி வடிவத்தில் சிறிய நெகிழி. அதன் தண்டிலும் கைகளிலுமாக 380 சதுர மில்லிமீட்டர் பரப்புக்குச் செம்பு இருக்கும். இது 10 ஆண்டுகளுக்குப் பலன் தரும். காப்பர் 375 என்னும் மற்றொன்றுக்கு ஆயுள் 5 ஆண்டு. செம்பிலிருந்து சிறுகச் சிறுகப் பிரியும் அயனிகள் விந்தணுவின் ஓட்டத்தைக் கெடுத்து, முட்டையைச் சேரவிடாமல் செய்கின்றன. ஹார்மோன் எதுவும் இல்லை. பால் சுரப்பு குறையாது, பாலின் தன்மையும் மாறாது. முதல் ஆண்டில் இதையும் மீறிக் கருத்தரிப்பவர்கள் 100 பேரில் ஒருவருக்கும் குறைவு.

ஹார்மோன் சுரக்கும் கருவியும் உண்டு. அது பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளில் வைக்கப்படுகிறது. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் 48 மணி நேரத்தில் அது, உலக சுகாதார நிறுவனத்தின் நான்கு வகைகளில் இரண்டாம் வகை, அதாவது நன்மை தீமைகளை எடைபோட்ட பிறகு பொதுவாக ஏற்கத்தக்கது. இந்தக் கட்டுரை காப்பர் டியைப் பற்றியது.

வைக்கும் முறையில் ஒரு முக்கியமான நுட்பம் இருக்கிறது. பிரசவமான உடன் கர்ப்பப்பை ஏறத்தாழ ஒரு கிலோ எடையுடன், அதன் உச்சி தொப்புள் மட்டத்தை ஒட்டி நிற்கும். சாதாரண நாட்களில் காப்பர் டியைச் செலுத்தும் மெல்லிய குழாய் அந்த உச்சியை எட்டாது. ஆகவே கெல்லி ஃபோர்செப்ஸ் என்னும் நீண்ட வளைந்த இடுக்கியால் கருவியைப் பிடித்து, மறு கையை வயிற்றின் மேல் வைத்து உச்சியைத் தொட்டுணர்ந்தபடி, அதுவரை கொண்டுபோய் விட வேண்டும். உச்சிக்குக் கீழேயே விட்டுவிட்டால் நழுவும் வாய்ப்பு கூடும். இதற்கெனத் தனிப் பயிற்சி தேவைப்படுவது இதனால்தான்.

குத்திக்கொண்டு போகுமா? சீழ் பிடிக்குமா?

கர்ப்பப்பையைத் துளைத்துவிடும் என்ற பயம் பரவலானது. மற்ற நாட்களில் வைக்கும்போது இது ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில் நடக்கிறது. பிரசவமான உடன் வைக்கும்போது இன்னும் அரிது, ஏனென்றால் அப்போது கர்ப்பப்பையின் சுவர் தடிமனாக இருக்கிறது. முனை மழுங்கிய இடுக்கி அதை எளிதில் துளைக்காது. அடுத்த சில வாரங்களில் நிலைமை மாறுகிறது. கர்ப்பப்பை சுருங்கி ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே இறங்கிவிடும். அந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போது சுவர் மிருதுவாக இருக்கும், தொற்றுக்கும் இடம் உண்டு. எனவே 48 மணி நேரம் தாண்டிவிட்டால் காத்திருக்கச் சொல்கிறார்கள்: உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி நான்கு வாரம், இந்திய அரசின் வழிகாட்டுதல்படி ஆறு வாரம். ‘நேற்றே வைத்திருக்கலாமாம், இன்று கூடாதாம்’ என்று குழம்ப வேண்டாம். மூன்றாம் நாள் கேட்டு, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னால் அது சரியான பதில்தான்.

‘காப்பர் டி நெஞ்சுக்கு ஏறிவிடும்’ என்றும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கர்ப்பப்பை மூடிய உறுப்பு. இருபுறமும் கருக்குழாய்களுக்குப் போகும் துளைகள் மிக நுண்ணியவை. அவற்றின் வழியே காப்பர் டி போக முடியாது. சுவரைத் துளைக்கும் அந்த அரிய நிகழ்வில் மட்டுமே அது வயிற்றுக்குள் நகரும். அங்கிருந்து, சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலம் எடுத்துவிடலாம். நெஞ்சுக்கு வழியே கிடையாது.

தொற்றைப் பற்றிய பயத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, அதை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. 1965இல் இந்தியாவில் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ‘லிப்பீஸ் லூப்’ என்னும் நெகிழிச் சுருள் அரசுத் திட்டமாக நாடு முழுவதும் கொண்டுபோகப்பட்டது. இலக்குகளைத் துரத்திய வேகத்தில் பல இடங்களில் சரியான பரிசோதனையோ பின்கவனிப்போ இல்லை. ரத்தப்போக்கால் அவதிப்பட்ட பெண்கள் ஏராளம். சில ஆண்டுகளிலேயே அந்தத் திட்டம் பெயர் கெட்டுப்போனது. ‘லூப்பு’ என்றாலே முகம் சுளிக்கும் பாட்டிமார்களின் நினைவில் இருப்பது அந்தக் காலம். அமெரிக்காவில் 1970களில் விற்கப்பட்ட ‘டால்கன் ஷீல்டு’ என்னும் கருத்தடைக் கருவி இன்னொரு காரணம். இத்தகைய கருவிகளில் கர்ப்பப்பை வாய் வழியே தொங்கும் நூல் ஒன்று இருக்கும். பல இழைகளை உறைக்குள் அடைத்துச் செய்த அதன் நூல் வழியாகக் கிருமிகள் மேலேறி, கடும் தொற்றுகளை உண்டாக்கின. சில பெண்கள் உயிரிழந்தனர். இன்றைய காப்பர் டியின் நூல் ஒற்றை இழையால் ஆனது. கிருமிகள் அப்படி ஏறுவதற்கு இடம் தராது. ஏற்கெனவே தொற்று இல்லாத பெண்ணுக்குச் சுத்தமான முறையில் வைத்தால், பிரசவத்துக்குப் பிந்தைய தொற்று இதனால் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை.

தொற்று ஏற்கெனவே இருந்தால் கதை வேறு. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகிப் பிரசவமானவர், பனிக்குடத்திலோ கர்ப்பப்பையிலோ தொற்று கண்டவர், ரத்தப்போக்கு இன்னும் கட்டுக்குள் வராதவர், பிறப்புறுப்பில் பெரிய கிழிசல் ஏற்பட்டவர் ஆகியோருக்கு அந்த நேரத்தில் வைக்கக் கூடாது. கட்டியாலோ பிறவியிலேயோ கர்ப்பப்பையின் உள்வடிவம் மாறியிருந்தாலும் பொருந்தாது. பிரசவத்துக்கு முன்பே சம்மதம் சொல்லியிருந்தாலும், பிரசவம் முடிந்த பிறகு இவற்றை மீண்டும் ஒருமுறை பார்த்த பின்பே மருத்துவர் வைக்க வேண்டும். ‘வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைக்காமல் விட்டார்களே’ என்று வருத்தப்படும் சிலருக்கு உண்மையில் நல்ல மருத்துவம்தான் நடந்திருக்கிறது.

ரத்தப்போக்கு

பிரசவத்துக்குப் பின் வரும் வழக்கமான உதிரப்போக்கை காப்பர் டி குறிப்பிடத்தக்க அளவுக்குக் கூட்டுவதில்லை. மாதவிடாய் திரும்பிய பிறகுதான் வேறுபாடு தெரியும்: முன்பைவிட அதிகமான போக்கு, சற்று நீளும் நாட்கள், அடிவயிற்று வலி. பெரும்பாலானோருக்கு முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் இது தணிந்துவிடுகிறது. தணியாதவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பொறுத்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டியது. அப்படியிருக்க, ‘எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லி அனுப்பிவிடுவது சரியல்ல. ஹீமோகுளோபின் அளவைப் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, குறையாவிட்டால் கருவியை எடுத்துவிட்டு வேறு வழி பார்க்க வேண்டும்.

நழுவி வெளியே வருவது

பிரசவமான கர்ப்பப்பை நாளுக்கு நாள் சுருங்குகிறது. குழந்தை பால் குடிக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிப்பதைப் பல தாய்மார்கள் உணர்வார்கள். கர்ப்பப்பை சுருங்குவதுதான் அது. கர்ப்பப்பை வாயும் இன்னும் முழுதாக மூடியிருக்காது. இந்தச் சுருக்கங்கள் உள்ளே இருக்கும் கருவியைக் கீழே தள்ளிவிடலாம். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் இது நடக்கும்.

எத்தனை பேருக்கு? ஆய்வுக்கு ஆய்வு எண்கள் மாறுகின்றன. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்புகளில், சுகப்பிரசவத்துக்குப் பின் உடனே வைத்தவர்களில் 100க்கு 10 பேர், சிலவற்றில் அதற்கும் மேல். சிசேரியனின்போது வைத்தவர்களுக்கு இதைவிடக் குறைவு; மருத்துவர் கர்ப்பப்பையின் உச்சியிலேயே நேரடியாக வைத்துவிடுவதால் இருக்கலாம். பிரசவத்தோடு தொடர்பில்லாத நாட்களில் வைத்தால் 100க்கு 2 முதல் 5 வரை.

நமக்கு நெருக்கமான தரவும் இருக்கிறது. மகப்பேறு மருத்துவர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிகோ, பிரசவத்தை ஒட்டிய காப்பர் டி திட்டத்தை 2013இல் இலங்கையில் தொடங்கி, பின்னர் இந்தியா, நேபாளம், வங்கதேசம், கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளுக்கு விரிவாக்கியது. ஆறு நாடுகளிலும் சேர்த்து 36 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு வைக்கப்பட்டதன் முடிவுகள் 2018இல் வெளியாகின. ஆறாவது வாரம் பரிசோதனைக்கு வந்தவர்களில் நழுவியது 100க்கு 2 அல்லது 3 பேருக்குத்தான். நல்ல பயிற்சியால் எவ்வளவு குறைக்க முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்கள் மொத்தத்தில் பாதியை ஒட்டியவர்களே. வராத மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது இந்த எண்ணில் இல்லை. ஆறு வாரம் என்பதும் குறுகிய காலம். ஆகவே இந்த எண்ணை மட்டும் காட்டி ‘நழுவவே நழுவாது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நழுவுவதால் உடலுக்குப் பெரிய ஆபத்து கிடையாது. வெளியே வந்ததைப் பார்த்துவிட்டால் மருத்துவமனைக்குப் போய், விருப்பமிருந்தால் ஆறு வாரத்துக்குப் பிறகு புதிதாக வைத்துக்கொள்ளலாம். உதிரப்போக்கோடு சேர்ந்து கவனிக்காமலே போய்விட்டால்தான் சிக்கல். ஆகவே முதல் சில வாரங்களில் கழிப்பறையில், துணியில், நாப்கினில் ஒரு கண் இருக்க வேண்டும். கடினமான நெகிழி முனை கர்ப்பப்பை வாயில் தட்டுப்படுவது, திடீரென்று வலி கூடுவது, நூல் முன்பைவிட நீளமாகத் தொங்குவது ஆகியவை பாதி நழுவியிருப்பதற்கான அறிகுறிகள். நீங்களே இழுக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். போய்ப் பார்க்கும் வரை ஆணுறை போன்ற வேறு பாதுகாப்பு வேண்டும்.

நூல் காணவில்லை என்றால் உடனே நழுவிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. பிரசவத்தின்போது வைக்கும் காப்பர் டியின் நூல் தொடக்கத்தில் கர்ப்பப்பைக்குள்ளேயே இருக்கும். கர்ப்பப்பை சுருங்கச் சுருங்கக் கீழே இறங்கும். சிலருக்கு, குறிப்பாக சிசேரியன் ஆனவர்களுக்கு, இறங்காமலே போகலாம். மேலே சொன்ன ஆறு நாட்டுத் திட்டத்தில் பரிசோதனைக்கு வந்தவர்களில் ஏறத்தாழ 100க்கு 30 பேருக்கு நூல் தெரியவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்குக் கருவி உள்ளேதான் இருந்தது. ஒரு ஸ்கேன் எடுத்தால் உறுதியாகிவிடும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். பிரசவம் அந்த ஊர் மருத்துவமனையில் நடக்கிறது. காப்பர் டி அங்கே வைக்கப்படுகிறது. மூன்று அல்லது ஐந்து மாதம் கழித்துக் கணவன் வீட்டுக்குத் திரும்புகிறாள். அங்குள்ள கிராம சுகாதாரச் செவிலியருக்கு இந்த விவரம் போய்ச் சேராமலே இருந்துவிடலாம். எந்த வகை, எந்தத் தேதியில் வைத்தது, எப்போது மாற்ற வேண்டும் என்று எழுதிய அட்டையைத் தாய்-சேய் நல அட்டையோடு வைத்திருந்து, இரண்டு ஊரிலும் காட்டுங்கள். ஆறாவது வாரப் பரிசோதனை பெரும்பாலும் தாய்வீட்டில் இருக்கும்போதே வந்துவிடும். குழந்தைக்குத் தடுப்பூசி போடும் அதே நாளில் சேர்த்துப் பார்த்துக்கொண்டால் அலைச்சல் குறையும்.

கேட்டு வைத்தார்களா?

பெண்ணிடம் கேட்காமலே, அல்லது வலியில் துடிக்கும்போது ஒரு கையெழுத்தை வாங்கிக்கொண்டு வைத்துவிட்டார்கள் என்ற புகார்கள் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. இது உரிமை மீறல் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. இது ஒரு மருத்துவ ஆபத்தும்கூட. தன் உடலுக்குள் காப்பர் டி இருப்பதே தெரியாத பெண் அது நழுவியதை எப்படிக் கவனிப்பாள்? ஆறாவது வாரம் எதற்காகப் போவாள்? மாதவிடாய் அதிகமானால் காரணத்தை எங்கே தேடுவாள்? குழந்தை வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் ஸ்கேனில் காப்பர் டி இருப்பது தெரியவந்தால், அந்த வேதனைக்கு யார் பொறுப்பு?

அரசின் வழிகாட்டுதலே இதைக் கர்ப்பகாலப் பரிசோதனைகளின்போதே பேசச் சொல்கிறது. பிரசவ வலி வந்தபின் கேட்டுப் பெறும் சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. ‘வேண்டாம்’ என்று சொன்னால் பிரசவம் பார்ப்பதிலோ, உதவித்தொகை தருவதிலோ எந்தக் குறையும் வரக் கூடாது. மாமியாரின் சம்மதமோ கணவரின் கையெழுத்தோ கட்டாயம் இல்லை. முடிவு பிள்ளை பெறும் பெண்ணுடையது. பரிசோதனைக்குப் போகும்போதே கேளுங்கள்: “எனக்கு வைக்கப்போகிறீர்களா? எந்த வகை? வேண்டாமென்றால் வேறு என்ன இருக்கிறது?” பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போதும், “வைத்தீர்களா, இல்லையா?” என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

எப்போது ஓடிப்போக வேண்டும்?

குளிர் காய்ச்சல், நாற்றமடிக்கும் உதிரப்போக்கு, தாங்க முடியாத அடிவயிற்று வலி, ஒரு மணி நேரத்தில் நாப்கின் முழுதாக நனையும் ரத்தப்போக்கு ஆகியவை பிரசவமான எந்தப் பெண்ணுக்கும் ஆபத்தின் அடையாளம். காப்பர் டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாதவிடாய் வந்துகொண்டிருந்து திடீரென்று தள்ளிப்போனால் கர்ப்பமா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். காப்பர் டி இருப்பவர்களுக்குக் கருக்குழாயில் கரு தங்குவது மொத்தத்தில் அரிதுதான். ஆனால் கருவி உள்ளே இருக்கும்போதே கருவுற்றால், அது குழாயில் தங்கியிருக்கிறதா என்பதை ஸ்கேன் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

எடுத்துவிடுவது எளிது. நூல் தெரிந்தால் புறநோயாளிப் பிரிவிலேயே, மயக்க மருந்து இல்லாமல், சில நிமிடங்களில் முடிந்துவிடும். நூல் உள்ளே போயிருந்தால் சிறிய கருவிகொண்டு எடுப்பார்கள். கொஞ்சம் நேரமும் வலியும் கூடும். பத்து ஆண்டுக்கான கருவி என்பதால் பத்து ஆண்டும் வைத்திருக்க வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. எந்த நாளில் எடுக்கச் சொன்னாலும் எடுத்துத்தர வேண்டும். எடுத்தவுடன் கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடுகிறது, அந்த மாதமே கரு நிற்கவும் கூடும். ஆகவே இன்னொரு குழந்தைக்காக இல்லாமல், ரத்தப்போக்குக்காகவோ வலிக்காகவோ எடுத்துக்கொள்பவர்கள், மாத்திரையோ ஊசியோ ஆணுறையோ, அடுத்து என்ன என்பதை மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.